கண் சிமிட்டாத கோல்கீப்பர்

காஞ்சிபுரத்துக் கால்பந்து லீக்கில் அப்பாண்டைராஜனைப் பற்றி இரண்டு விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, அவன் கோலில் நின்றால் பந்தை உள்ளே தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. இன்னொன்று, ஆட்டம் முடிந்த கையோடு ஆள் காணாமல் போய்விடுவான். ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, சேறு படிந்த கால்சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளில் ஏறித் திருப்பருத்திக்குன்றத்தைப் பார்த்து மிதிப்பான்.

"நயினார் வூட்டுப் புள்ளபா. பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும். சாஞ்சா அன்னிக்கிப் பட்டினிதான்" என்று அணித்தலைவன் முனிரத்தினம் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவான். சமணக் குடும்பங்களில் சூரியன் மறைந்தபின் கை நனைக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் யாரும் அவனை டீக்கடைக்கு இழுக்கவில்லை, சினிமாவுக்குக் கூப்பிடவில்லை. அவன் வேலை பார்த்த அரிசி மண்டி முதலாளியும் மற்றவர்களுக்கு முன்பாகவே அவனை அனுப்பிவிடுவார். ஒருவன் பொய்யை ஊரே சேர்ந்து பத்திரமாகப் பார்த்துக்கொண்டது என்றால் அது இதுதான்.

விரதம் பொய்யில்லை. ஆனால் அவன் ஓடியது சோற்றுக்காக அல்ல. இருட்டினால் அவனுக்குக் கண் தெரியாது.

அந்த வீட்டில் இது புதிய நோயுமில்லை. அவன் அம்மா பத்மாவதியம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தார். இருபது வயதில் மாலை நேரங்களில் தடுமாற ஆரம்பித்தவர், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பகலிலும் பிறர் கையைப் பிடித்து நடக்கும்படி ஆனார். ஒரு நாள் பிடிக்கக் கை இல்லாதபோது தனியே வயலுக்குப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தார். அப்போது அப்பாண்டைராஜனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து தினமும் அந்தி நேரத்தில் அம்மா அவனை வாசலுக்குக் கூப்பிடுவாள்.

"ராஜா, அந்த வேம்புல இன்னா குந்திக்கினு இருக்குது, சொல்லு பாக்கலாம்."

"காக்காம்மா."

"எத்தினி?"

"ரெண்டு."

அவன் சரியாகச் சொன்னால்தான் அவள் உள்ளே போய் மற்ற வேலையைப் பார்ப்பாள். மீசை அரும்பிய பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. பதினெட்டு வயது முடிந்ததும் ஒரு நாள் நிறுத்திவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

இருபத்தோராவது வயதில் அது வந்தது. முதலில் மங்கல், அப்புறம் மூட்டம், அப்புறம் கறுப்பு. யாருக்கும் சொல்லாமல் மெட்ராஸுக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தான். "தாய் வழியா வர்றதுப்பா. மருந்து கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா குறையும்" என்றார் அவர். திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்கு அழுகை வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் வந்தது. தம்பியைத் தின்றது தன் வயிற்று வழியாகவே மகனிடமும் வந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் உயிரோடிருக்கமாட்டாள் என்று நினைத்தான். அன்று பிடித்த பயம் இரண்டு வருஷமாக அவனை விடவில்லை. பொழுது சாய்ந்தால் சாப்பிட்டுவிட்டு, அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்துவிடுவான். அம்மா ஏதாவது எடுத்துவரச் சொல்லிவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பான்.

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அம்மாவின் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். கண் போவதானால் அங்கேயே போகட்டும். மெட்ராஸில் ஒரு வேலை கிடைத்தால் மாதம் ஒரு முறை பகல் பஸ்ஸில் வந்து பகல் பஸ்ஸில் போய்விடலாம். வேலை எங்கிருந்து வரும்? கால்பந்திலிருந்துதான் வரும். மெட்ராஸ் லீக்கில் ஆடும் கம்பெனி அணிக்காரர்கள் ஆள் பிடிக்கச் சின்ன ஊர்களுக்கு வருவார்கள். பிடித்த ஆளுக்குக் கம்பெனியிலேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அப்படி ஒருவர் வந்தார். பெயர் கோதண்டபாணி. ராயபுரத்து இரும்புக் கம்பெனி அணிக்கு ஆள் தேடுகிறவர். ஒரு காலத்தில் தாமே ஆடியவர். கையில் ஒரு குடையும் வாயில் வெற்றிலையுமாக அரக்கோணம், செங்கல்பட்டு என்று மைதானம் மைதானமாக அலைவார். அவருக்கு அந்த வருஷம் ஒரு கோல்கீப்பர் தேவைப்பட்டது. வாலாஜாபாத் அணியோடு ஆட்டம் நடந்த அன்று கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே வந்து குடையை ஊன்றி நின்றுகொண்டார்.

ஆட்டம் தொடங்கவில்லை. நடுவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் நிற்பதற்குச் சாமி புறப்பாட்டைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை. பெருமாள் நிதானமாக வீதியைச் சுற்றி முடித்து, நடுவர் வியர்வையோடு வந்து விசில் ஊதியபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. அப்பாண்டைராஜன் வானத்தைப் பார்த்தான்.

முதல் பாதியில் பிரமாதமாக ஆடினான். இரண்டாம் பாதியின் நடுவில் மூட்டம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது சாதாரண அந்தி. பந்தும் தெரியும், ஆளும் தெரியும். அவனுக்கு மட்டும் மைதானத்தின் மறுகோடி முதலில் போனது. பிறகு நடுவட்டம் போனது. கடைசியில் எதிரே இருந்த பெனால்டி புள்ளியும் போய்விட்டது. காலடிச் சத்தம் தன்னை நோக்கி ஓடி வருவது மட்டும் கேட்டது. முனிரத்தினம் "உடாத, உடாத!" என்று கத்துகிறான். எதை விடக் கூடாது, எந்தப் பக்கம்? இடப்பக்கம் பாய்வதா, வலப்பக்கம் பாய்வதா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றான். உதைத்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி நெஞ்சில் இடி விழுந்தது. மல்லாந்து விழுந்தவன் கைகளை மடக்கினான். கைகளுக்குள் பந்து இருந்தது.

மைதானமே கத்தியது. "குருட்டு அதிர்ஷ்டம்டா!" என்று வாலாஜாபாத்துக்காரன் ஒருவன் வயிற்றெரிச்சலில் சொன்னான். அதைக் கேட்டு அப்பாண்டைராஜனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

கோதண்டபாணி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா பாக்கறேன் தம்பி. பந்து நேரா வந்தா எப்பேர்ப்பட்ட கீப்பரும் ஒரு தடவ கண்ண மூடுவான். நீ சிமிட்டவே இல்லியே! இந்த தைரியத்தக் கத்துக்குடுக்க முடியாதுபா. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வர்றேன், அம்மாகிட்ட பேசறேன்" என்றார். தைரியமாம். அவனுக்கு அப்போது சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவனுக்கே தெரியாது. முனிரத்தினம் அவனைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிளை மிதித்தான். நெஞ்சில் அடிபட்டது அன்று நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி சொன்னபடி வந்தார். ஆனால் மத்தியானம் வராமல் வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். பத்மாவதியம்மாள், "பொழுதோட சாப்புட்டுடுங்க ஐயா" என்று இலை போட்டு முருங்கைக்காய்ச் சாம்பாரும் பருப்பு வடையும் பரிமாறினாள். மகனுக்குக் கம்பெனி வேலை என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அப்பாண்டைராஜன் வாசல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனிதர் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கதை சொன்னார்.

"ஒரே ஒரு விசயம்மா. ஆபீஸ் வுட்டப்புறந்தான் ப்ராக்டிஸு. எட்டு மணி வரைக்கும் போவும், கம்பம் நட்டு லைட்டு போட்டிருக்கோம். உங்க வூட்டு வழக்கம் எனக்கு நல்லாத் தெரியும். அதனால மேனேஜர்கிட்டயே பேசிட்டேன். அஞ்சு மணிக்கெல்லாம் தம்பிக்குச் சைவச் சாப்பாடு மைதானத்துக்கே வந்துடும். சாப்புட்டுட்டு நிம்மதியா ஆடலாம்."

நல்ல மனிதர். நல்லது செய்கிறோம் என்ற பூரிப்போடு சொன்னார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, இரண்டு வருஷம் அவனை மறைத்து நின்ற சுவரை ஒரு சாப்பாட்டுத் தூக்கால் இடித்துத் தள்ளிவிட்டார்.

"ராத்திரில ஆடறதே எங்களுக்கு ஆகாது சார்" என்று அப்பாண்டைராஜன் உளறினான்.

அம்மா சிரித்தாள். "யார்ரா சொன்னது? சாப்புடறதுதான் கூடாது. ஆடறதுக்கு இன்னா?"

கோதண்டபாணி கை கழுவிக் குடையை எடுத்தபோது வேப்பமரம் கறுத்துவிட்டிருந்தது.

"பஸ் ஏத்தி வுட்டுட்டு வா ராஜா. ஊருக்குப் புதுசு, இருட்டுல வழி தெரியாம தவிப்பாரு" என்றாள் அம்மா.

வந்த விருந்தாளியை ரோடு வரைக்கும் கொண்டுவிடாத பிள்ளையை எந்தத் தாய் பெறுவாள்? மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். கோதண்டபாணியின் வெள்ளை வேட்டி ஒரு புகைபோலத் தெரிந்த வரைக்கும் அதைப் பின்தொடர்ந்தான். வேகவதிக் கரைப் புளியமரங்களுக்குக் கீழே வந்ததும் அந்தப் புகையும் போயிற்று. பிறகு அவர் குரல் ஒன்றுதான் துணை. அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று கேள்விமேல் கேள்வி கேட்டான். ஒரு பக்கம் ஆற்றுச் சரிவு. மாமா விழுந்த கிணறு அந்தச் சரிவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தக் கிணறு தன் காலடியில் வாயைத் திறந்துகொண்டிருப்பதாகவே பட்டது.

எதிரே ஒரு சைக்கிள் செயின் கிறீச்சிட்டது. "ஓரம் போபா! ஓரம், ஓரம்!"

எந்தப் பக்கம் ஓரம்? அவனுக்குத் தெரியவில்லை. கோலில் நின்றது போலவே அசையாமல் நின்றான். கோதண்டபாணி அவன் சட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். இருவரும் புளியமரத்தடியில் விழுந்தார்கள். விளக்கில்லாத சைக்கிளில் பந்தல் மூங்கில்களைக் கட்டிக்கொண்டு போனவன் திட்டிக்கொண்டே கடந்தான். மூங்கில் முனை அப்பாண்டைராஜனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போயிருந்தது.

கோதண்டபாணி வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: "கண்ணுகிட்ட வந்துதே தம்பி. சிமிட்டவே இல்லியே நீ."

அவன் தரையைத் தடவி எழுந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கி அந்தப் பந்து... அதயும் நீ பாக்கலியா?"

"பாக்கல சார்."

"அம்மாவுக்கு?"

"தெரியாது சார். சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா வுழறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷ அழுகை. புளியமரத்தடியில் சிறுபிள்ளை போல விக்கி விக்கி அழுதான்.

கோதண்டபாணி கொஞ்ச தூரத்தில் தெரிந்த ரோட்டு விளக்கைப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. வந்த வழியைப் பார்த்தார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் கையைப் பிடித்தார். "எந்திரி. வூட்டுல கொண்டுபோயி வுடறேன்" என்றார். வழியனுப்ப வந்தவனை விருந்தாளி வழியனுப்பப் புறப்பட்டார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று இருவருமே யோசித்துக்கொண்டு நடந்தார்கள். பஸ் போய்விட்டது, குடையை மறந்துவிட்டேன், அது இது என்று கோதண்டபாணி நாலைந்து காரணம் தயார் செய்தார்.

அதற்கெல்லாம் அவசியம் இருக்கவில்லை. பூச்சி விழாமல் மூடிய லாந்தரோடு பத்மாவதியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். தெருமுனையில் இருவர் கைகோத்து வருவது அவளுக்குத் தெரிந்தது. ஒருவர் அரையடி முன்னால், ஒருவர் அரையடி பின்னால். பின்னால் வருகிறவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வைத்தான். அந்த நடையை அவள் பல வருஷம் பார்த்திருக்கிறாள்.

கோதண்டபாணி வாயைத் திறப்பதற்குள் அவள் லாந்தரை உயர்த்தினாள்.

"ராஜா. அந்த வேம்புல இன்னா குந்திக்கினு இருக்குது, சொல்லு."

அவன் மரம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினான். ஒரு காக்கை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கலாம். பொய்க்கு அவனிடம் என்றைக்கும் பஞ்சமிருந்ததில்லை.

"தெரியலம்மா" என்றான்.

அவள் லாந்தரைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து, கோதண்டபாணியின் கையிலிருந்து மகனின் கையை வாங்கிக்கொண்டாள்.