மண்காரனின் மாதிரிக் குழி

தெருவில் அவனை மண்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். மண் ஆய்வுத் துறையில் கள ஆய்வாளர் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. பெயரை வைத்தவள் அக்கா. தவழ்கிற வயதில் வாய் நிறைய மண்ணோடு கையும் களவுமாகப் பிடிபட்டவன், வளர்ந்ததும் அதற்கே சம்பளம் வாங்குகிறான் என்று தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவளுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஒத்துப்போகாமல் படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் டேப்பைப் பிடித்தால் நூல் பிசகாது. தம்பி மண் எடுத்து வரும் துணிப்பைகளை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். மை அழிந்துவிடும் என்று பையின் எண்களைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள்.

அவன் வேலை விரலில்தான் தொடங்கும். ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பட்டையாக நீட்டிப் பார்ப்பான். பட்டையே வராவிட்டால் மணல். நாக்குப் போல நீளமாகத் தொங்கினால் களி. கொஞ்சம் நீண்டு தானாக ஒடிந்தால் மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த இருமண். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற அந்த ஊர் மேய்ச்சல் வெளியில் பெரும்பாலும் இருமண்தான். ஆனால் இருமண் என்பது பாதிப் பெயர். மேல்மண் என்ன நிறம், எவ்வளவு ஆழம், சுண்ணாம்பு எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் பார்த்த பிறகுதான் வகை சொல்ல முடியும். அங்கே தோண்டிய இடமெல்லாம் ஒரு சாண் வெளிறிய மண்தான். அதற்குக் கீழே ஆசிட் சொட்டினால் பொங்குகிற வெள்ளைச் சுண்ணாம்பு. புல்லின் வேர் அதோடு நின்றுவிடும்.

அப்படிப்பட்ட வெளியில், மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தாழ்வான இடத்தில் அவன் ஒரு முழத்துக்குக் கறுத்த இருமண்ணைக் கண்டான். சுற்றிலும் மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகுக்கோலை இறக்கிப் பார்த்தான். எல்லா இடத்திலும் கறுப்பு. ஆய்வுக்கூடத்திலும் மக்கிய சத்து அதிகம் என்றே வந்தது. இருக்கிற வகை எதிலும் அது அடங்காததால் புது வகையாகப் பதிவானது. அவன் தோண்டியதே அந்த வகைக்கு மாதிரிக் குழி ஆனது. தாழ்வான இடங்களெல்லாம் இதே மண் என்று வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள். நல்ல புல் வளரும் நிலம் என்று மதிப்பு ஏறியதும், ஒவ்வொரு குடும்பமும் கூடுதலாகச் செம்மறி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த வாரம் அக்காவின் கடையில் துணி தைக்க வந்தவர்கள் மண்பாடம் கேட்காமல் வீடு திரும்பவில்லை.

இப்போது வெளியூர்களிலிருந்து மண் அதிகாரிகள் அந்தக் குழியைப் பார்க்க வரவிருந்தார்கள். அவன் குழிக்குள் நின்று விளக்க வேண்டும். அது நல்லபடியாக நடந்தால் வரைபடப் பிரிவுக்கே அவன் பொறுப்பாளன் என்று துறையின் இயக்குநரம்மா ஏற்கெனவே கோடி காட்டியிருந்தார். அக்கா கடையைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் போல உடுத்திக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

குழியின் காய்ந்த சுவரில் மண்ணின் உண்மையான நிறம் தெரியாது. கையகலத்துக்குச் செதுக்கிப் புது முகம் எடுத்துத்தான் காட்ட வேண்டும். அதற்காக இருவரும் முன்னாடியே போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்துக் குடிசையிலிருந்து ஆட்டுக்காரம்மா வந்து நின்றாள். வாக்கப்பட்டு வந்து சில வருஷமே ஆனவள்.

"உங்க புண்ணியத்துல ஆடு ஏறிச்சு தம்பி, புல்லுதான் எறங்கிப்போச்சு. மழை சரியில்ல போல," என்றாள்.

அவனும் மழைதான் என்று தலையாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினான்.

மேலிருந்து செதுக்கிக்கொண்டு வந்தவன் ஒன்றரைச் சாண் ஆழத்தில் நின்றான். கொத்துக்கரண்டியின் நுனியில் ஏதோ சிக்கியிருந்தது. வேர் என்று நினைத்து இழுத்தான். ஆட்டு ரோமம். இன்னும் கொஞ்சம் செதுக்கியதும் மண் தட்டுத் தட்டாக, அப்பளம் உரிவது போல உரிந்து விழுந்தது. தட்டுகளுக்கு நடுவே மிதிபட்டுச் சப்பையாகிப்போன புழுக்கை. ஓரத்தில் கூர் சீவின ஒரு கட்டையின் அடிப்பகுதி, நட்டது நட்டபடியே இற்றுப்போயிருந்தது.

பழைய ஆட்டுப்பட்டி. எத்தனையோ தலைமுறையாக ஆடுகளை அடைத்து, மிதித்து இறுகி, புழுக்கை மக்கிக் கறுத்த இடம். மண் கறுத்ததற்குப் புல்வெளி காரணமே இல்லை. திருகுக்கோலை அவன் இறக்கியதெல்லாம் புல் கரும்பச்சையாகத் தெரிந்த இடங்களில். அதாவது, பட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

இது தெரியாமல் போனது கூடப் பரவாயில்லை. இந்தத் தட்டுகளை அவன் அன்றைக்கே பார்த்திருந்தான். புல்வேர் படிந்த மண் உதிரி உதிரியாகத்தான் இருக்கும், ஏதோ மிதித்தால்தான் இப்படித் தட்டாகும் என்பது படிப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த விஷயம். தனக்கென்று ஒரு மண் கிடைக்கிற ஆசையில் அதைப் பார்க்காதது போல எழுதிவிட்டான்.

மேலே டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற அக்காவுக்குச் சுவர்தான் கண்ணில் பட்டது. அவளுக்கு எதுவும் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும்.

"அந்தக் கட்டை துருத்திக்கிட்டு நிக்குதுடா, பாக்க நல்லாவா இருக்கு? அதப் புடுங்கிட்டு மண்ணப் பூசிவிடு. அந்த மயிரையும் எடுத்துப் போடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னபடி செய்துவிடலாம். இன்னும் ஒரு கையகலம் உள்ளே போனால் ரோமம் இருக்காது, கட்டையும் இருக்காது. தட்டுகளைக் கரண்டியால் கலைத்துவிட்டால் வருகிறவர்கள் கறுப்பை மட்டும் பார்த்துக் கை தட்டுவார்கள். கை அவன் அனுமதி கேட்காமலே கட்டையைப் பிடித்து அசைத்தும் பார்த்துவிட்டது. லேசாக ஆடியது. அந்த நேரம் பார்த்து, குழிக்கு மேலே ஆட்டுக்காரம்மா தன் ஆடுகளை ஓரம் ஒதுக்கும் சத்தம் கேட்டது. அவன் கையை எடுத்தான்.

"விடுக்கா. அது இருக்கட்டும்."

"ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப்போச்சு?"

பதில் சொல்வதற்குள் வண்டிகள் வந்துவிட்டன. அதிகாரிகள் குழியைச் சுற்றி நின்றார்கள். இயக்குநரம்மா இரண்டு வரியில் அவனைப் புகழ்ந்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு நாக்கில் தயாராக இருந்தது. மேலே ஒரு முழம் கறுத்த இருமண் என்று தொடங்கியும்விட்டான். அதற்கு மேல் வரவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை.

"இது தனி வகை இல்ல மேடம். பழைய ஆட்டுப்பட்டி. நான் தப்பா வகைப்படுத்திட்டேன்."

கட்டையையும் தட்டுகளையும் கரண்டியால் தொட்டுக் காட்டினான். வெளியூர் அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு, இந்த மாதிரி இடத்தில் யாரும் ஏமாறலாம், கட்டை அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்காது என்றார். அவன் தலையாட்டிவிட்டு நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். இயக்குநரம்மா அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. கட்டையை விட்டுவிட்டுத் தட்டுகளைக் காட்டிக் கேட்டார்.

"இது? இத அன்னிக்குப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எழுதலையா?"

"எழுதல மேடம்."

குழியின் விளிம்பில் வரிசையாகத் தெரிந்த செருப்புகளில் அக்காவின் புதுச் செருப்பு ஓர் அடி பின்னால் நகர்ந்தது. மேலே பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

இயக்குநரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டிக்கு வெளியே, அதே தாழ்வில் எங்கேயாவது இப்போதே தோண்டச் சொன்னார். அவன் நூறடி தள்ளிப் போய்த் தோண்டினான். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றான். ஒரு சாண் வெளிறிய இருமண். பிசைந்த பட்டை வழக்கம் போல ஒடிந்தது. அதற்குக் கீழே வெள்ளை. ஆசிட் சொட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தும் சொட்டினான். பொங்கியது. அந்த வெளியின் பழைய வகை, புல் விஷயத்தில் கடைசிப் படியில் இருப்பது.

அதிகாரிகள் நிழலைத் தேடிப் போனார்கள். வரைபடத்தைத் திருத்தும்வரை எந்தக் குழிக்கும் அவன் கையெழுத்துப் போடக் கூடாது என்றும், வேறு ஓர் ஆய்வாளர் கூட வருவார் என்றும் சொல்லிவிட்டு இயக்குநரம்மாவும் போனார். அக்கா சேலை மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து, புதுக் குழிக்குள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டுக்காரம்மா கிட்டே வந்தாள். ஆட்டுக் கணக்கு பழையபடி குறையுமா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். பழைய அளவுக்கும் கீழே கூடப் போகலாம், மேய்ந்து தேய்ந்த புல் திரும்ப வரப் பல வருஷம் ஆகும் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு தட்டை மறைத்த மாதிரிதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையை வீசி நிறுத்தினாள்.

"எத்தனைன்னு நீங்க சொல்லிடுவீங்க தம்பி. எத விக்கிறதுன்னு நான்தானே சொல்லணும்?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சினையாக இருந்த இரண்டு பெட்டைகளை. புல் முதலில் எங்கே அற்றுப்போனது என்று காட்ட முடியுமா என்று கேட்டான். அவள் மோவாயால் மேட்டைக் காட்டிவிட்டு நடந்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவளுக்குச் சில அடி பின்னால், பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும் தைரியமில்லாமல், அவன் போனான்.