அப்பா கலங்கரை விளக்கம் பார்க்கப் போனது

பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பொங்கலூர்ப் பையன், சாதகம் பொருந்தியது, அரசாங்க வேலை. ஆனால் அந்த வேலை அரபிக்கடலில், ஒரு தீவின் கலங்கரை விளக்கத்தில்.

"திருப்பூரைச் சுத்தி இத்தனை கம்பெனி இருக்குது, இவன் கடலுக்குள்ள போய் வெளக்குப் போடறானாமா!" என்று அப்பா கத்தியது, மங்கலத்தில் எங்கள் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இருந்தாலும், மாப்பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்காமல் பதில் சொல்வது முறையில்லையாம். வேண்டாம் என்று சொல்லத்தான் கிளம்புகிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கொச்சியில் கப்பல் ஏறியதிலிருந்து அப்பா வாளியை விட்டு நிமிரவில்லை. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. என் கல்யாணம் இந்த வாளியோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எந்தச் சம்பந்தத்துக்குப் போனாலும் வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றை எட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சம் அப்படி. தீவிலும் அதே கேள்விதான்.

"குடிக்கத் தண்ணிக்கு என்னங்க தம்பி பண்றீங்க?"

"மழைத் தண்ணிதானுங்க மாமா."

தனக்கு வேறு தீவுக்கு மாற்றல் வந்திருப்பதைச் சொல்லிக்கொண்டே, விளக்குக்குப் பின்னாலிருந்த தொட்டிக்கு எங்களை அழைத்துப்போய் அதன் கதையைச் சொன்னார். எண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது. ஒரு மழைக்காலம் தவறிப்போய், கிணறும் உப்பாகி, படகும் வராமல் விளக்குக் காவலர் குடும்பங்கள் தண்ணீருக்குத் தவித்திருக்கின்றன. பிறகு வந்த காவலர் ஒருவர் கூரைத் தண்ணீரைப் பிடிக்க இந்தத் தொட்டியைக் கட்டினாராம். விளக்கு மின்சாரத்துக்கு மாறி, இப்போது சூரிய ஒளிக்கும் வந்துவிட்டது. ஆட்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். தொட்டி அதேதான்.

அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். புதிதாகக் கழுவியிருந்த தொட்டியில் பாசி ஒரு பொட்டு இல்லை.

"உங்களுக்குத்தான் வேற தீவுக்கு மாத்தல் வந்துருச்சேங்க. இந்தத் தண்ணிய நீங்க குடிக்கப் போறதில்லியே, அப்புறம் எதுக்குங்க கழுவுனீங்க?"

"இல்லீங்க மாமா. நான் வந்தப்ப, முந்தி இருந்தவரு கழுவி வெச்சுட்டுப் போயிருந்தாருங்க. இங்க எல்லாரும் அப்படித்தானுங்க."

அப்பா தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். சம்மதந்தானா என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அதற்குள் அப்பாவே என் பக்கம் திரும்பினார். கப்பலில் வெளுத்த முகம் இன்னும் தெளியவில்லை.

"அந்தத் தீவுலயும் மீனுதான் கெடைக்குமாட்ட இருக்குது. ஊட்டுக்குப் போனதும் மீன் கொழம்பு வெக்கப் பழகிக்க கண்ணு."

அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்தேன், அவர் கடலைப் பார்த்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.