ஐரிஸ் தொட்டியில் கோரை

பக்கவாதம் வந்தபின் விவசாயியான என் கணவருக்கு வலது கை அசையவில்லை. பகலில் பள்ளி வேலை, வீடு வந்தால் அவரைக் கவனிக்கும் வேலை என்று நான் ஓய்ந்துபோயிருந்தேன். எனக்கென்று இருந்தவை மகள் அனுப்பிய ஐரிஸ் பூ விதைகள் மட்டும்தான். ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அவர் கட்டிலருகே ஜன்னல் தொட்டிகளில் விதைத்தேன். மாதக்கணக்கில் காத்திருந்தபின் புல்போல முளைத்தன.

ஒரு மாலை வீடு திரும்பினால், ஒரு நாற்றுகூட மிச்சமில்லை.

"தொட்டி பூரா கோரை மண்டிக் கெடந்துச்சு. எல்லாத்தையும் பறிச்சுட்டேன்," என்றார்.

கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் அவருடைய வலது கை விரல்களில் ஈரமண்ணைப் பார்த்தேன்.

"நல்லா பறிச்சிருக்கீங்க," என்றேன்.

மறுபடி ஐரிஸ் விதைக்க எனக்குத் தெம்பில்லை. வாராவாரம் வாய்க்கால் கரையிலிருந்து கோரையைப் பிடுங்கிவந்து அந்தத் தொட்டிகளில் நட்டுவைக்கிறேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே பறிக்கிறார்.