பொன்னுத்தாயைக் கேட்கவில்லை

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் நடவு என்றால் பொன்னுத்தாய்க்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவளோடு பதினெட்டுப் பெண்கள் போவார்கள். எந்த வயலுக்கு என்றைக்கு இறங்குவது, உடம்பு முடியாதவளை எந்த வேலைக்கு மாற்றுவது, எல்லாம் அவள் சொல்வதுதான். மிராசுதார் வீட்டு ஆட்களிடமே, "நாளைக்கு முடியாதுங்க, புதன்கிழமை வர்றோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பா நடவில், கையில் நாற்று முடியோடு அப்படியே சேற்றில் குப்புற விழுந்தாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் தூக்கி வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டார்கள். வெயில் என்று நினைத்தார்கள். அதே வாரம் வீட்டு வாசலில் இன்னொரு முறை விழுந்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் செம்மொழி உடனே வந்து தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். நாடி நிமிஷத்துக்கு முப்பத்துநாலு.

இதயத் துடிப்பைச் சீராக்கப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பொன்னுத்தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கக்காவுக்கு வச்சதை நான் பாத்தேங்க. எனக்கு வேண்டாம்."

அவள் அக்கா தையல்நாயகிக்குக் கழுத்தெலும்புக்குக் கீழே கிழித்துப் பெட்டி வைத்தார்கள். அந்த இடம் சீழ் பிடித்தது. பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் வழியாகவே கிருமி உள்ளே இறங்கிவிட்டது. ஏழு வாரம் படுக்கையில் கிடந்துதான் செத்தாள். அந்த ஏழு வாரமும் புண்ணைத் துடைத்தவள் பொன்னுத்தாய்.

மறுநாள் செம்மொழி சில காகிதங்களோடு கட்டிலருகே வந்தாள். எல்லாம் இங்கிலீஷ்.

"தொடை நரம்பு வழியா ஒரு டெஸ்ட்டும்மா. அடைப்பு இருந்தா அப்படியே எடுத்துடுவாங்க. கையெழுத்துப் போடு."

"பெட்டி வைக்க மாட்டாங்கல்ல?"

"பெட்டி இல்லம்மா."

பொன்னுத்தாய் எழுத்துக்கூட்டித் தன் பெயரை நான்கு இடத்தில் எழுதினாள்.

அதன்பிறகு மயக்கம் வரவில்லை. அடுத்த குறுவைக்கே வயலில் இறங்கினாள். கேட்டவர்களிடமெல்லாம், "அடைப்பு இருந்துச்சு, எம்பொண்ணு எடுக்க வச்சுட்டா" என்று பெருமையாகச் சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகள் கூட்டிப்போய்ச் செக்கப் செய்யவைப்பாள்.

போன தை மாதம் அறுவடை முடிந்த சமயம், காசநோய் பரிசோதனைக்காக எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். படம் எடுத்த சபிஹா என்ற பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பேஸ்மேக்கர் வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையேம்மா?"

"எனக்கா? இல்லம்மா. வேற யாரோட படத்தையோ பாக்குற."

சபிஹா திரையைத் திருப்பிக் காட்டினாள். விலா எலும்புகளுக்கு நடுவே, இதயத்தின் நிழலுக்குள், மாத்திரை அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"இது ஒயர் இல்லாத வகை. தொடை வழியா கொண்டுபோய் இதயத்துக்குள்ளயே வச்சுடுவாங்க. அதான் நெஞ்சுல தழும்பு இல்ல. இந்த விவரமெல்லாம் போட்டு ஒரு கார்டு குடுத்திருப்பாங்களே?"

பின்னால் நின்ற பெண்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள். ஊருக்கே அடைப்புக் கதை சொன்னவளுக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

புருஷன் வைரக்கண்ணு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என் நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பாப்பாதான் சொல்ல வேண்டாம்னுச்சு" என்றார்.

மகளுக்குப் போன் போட்டு உடனே வரச் சொல்லும்படி அவரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை செம்மொழி வந்தாள். வரும்போதே கண் சிவந்திருந்தது.

"நாடி முப்பத்துநாலும்மா. உன்னைச் சாவ விட்டிருக்கணுமா?"

"பெரியம்மாவுக்கு வச்ச மாதிரி இதுல ஒயர் இருக்கா?"

"இல்ல. ஒயரும் இல்ல, தோலுக்கடியில பெட்டியும் இல்ல. நீ பயந்தியே, அதுக்காகத்தான் டாக்டர் இதையே வைக்கலாம்னாரு."

"அதை ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"பேஸ்மேக்கர்ங்கிற பேரைக் கேட்டதுமே நீ வேண்டாம்னுடுவேன்னு நெனச்சேன்."

"ஒயர் இல்லன்னு சொல்லியிருந்தா சரின்னுருப்பேன். நான் பயந்தது அந்த ஒயருக்குத்தானே? நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

செம்மொழி சுவரில் சாய்ந்து அழுதாள். பொன்னுத்தாய்க்கு அழுகை வரவில்லை. பதினெட்டுப் பேருக்கு யோசனை சொல்கிறவளை, தன் உடம்பைப் பற்றி யோசிக்கத் தெரியாதவள் என்று பெற்ற பிள்ளையே முடிவு செய்துவிட்டாளே என்றுதான் ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் தனியாகப் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போனாள். மூன்று மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தாள். அவர் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"நீங்க சம்மதிச்சுட்டதா உங்க பொண்ணு சொன்னாங்க. எங்க ஸ்டாஃப்தானேன்னு நம்பிட்டேன். நானே உங்ககிட்ட உட்காந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு. எடுத்துடலாமான்னு கேக்குறீங்களா? அது ஆபத்தும்மா."

"எடுக்கச் சொல்லி வரலீங்க. எனக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

அவர் மேஜை டிராயரிலிருந்து அதே கருவியின் மாதிரி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எங்கே உட்கார்ந்திருக்கிறது, பேட்டரி எத்தனை வருஷம் வரும், தீர்ந்தால் என்ன செய்வது என்று காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். அவள் புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். கார்டை மகளிடமிருந்து வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

செம்மொழியோடு இப்போது பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும், அது கரண்ட் பில்லாக இருந்தாலும், மகளிடம் காட்டுவதில்லை. தபால்காரரிடம் படிக்கச் சொல்கிறாள்.

ஆடியில் செக்கப்புக்குக் கிளம்பியபோது முதல் நாளே ஊருக்கு வந்திருந்த செம்மொழியும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். வராதே என்று பொன்னுத்தாய் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்கள். டாக்டர் அறைக் கதவருகே மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ வெளியில இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.