பெயர் எழுதிய பூச்சட்டிகள்

சரோஜினிதேவி டேலிலிப் பூக்கன்று பிரிக்கும் நாளில் வாசல் படலையைப் பூட்டிவிடுவார். புதரை வேரோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசி, இலைகளை நான்கு விரல் உயரத்துக்குக் கத்தரித்து, வேர் கெடாமல் ஒவ்வொரு கன்றாகப் பிரித்தெடுப்பார். பக்கத்து மாடியில் பைறோஸா துணி காயப்போட வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார்.

"பாத்துப் பாத்தே தொழிலைப் படிச்சிடுவா."

வெள்ளவத்தை ஒழுங்கையில் அவருக்கு இருபத்துமூன்று சட்டிகள். கேட்டவருக்குக் கன்று கொடுப்பார், ஆளை நம்பமாட்டார். யோகட் கப்பில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டில் வாங்கியவரின் பெயர், இடம், கொடுத்த கன்றுகளின் தொகை மூன்றையும் எழுதி, கன்று எடுத்த தாய்ச்சட்டியில் குத்திவைப்பார். இரண்டு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"குடுத்தாப் போதுமே? வளக்கினமோ, வேற ஆருக்கும் குடுத்திட்டினமோ எண்டு பாக்க வேணும்."

கொலன்னாவையில் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த கிழமை, தமிழர் வீடுகளில் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி நாகேந்திரம் வந்து எட்டு நாள்தான். இங்கே தங்க அவர் எடுத்திருந்த பொலிஸ் பதிவைப் பார்த்துத் தலையாட்டிய இன்ஸ்பெக்டர், முற்றத்துக்கு வந்ததும் சட்டியொன்றில் குத்தியிருந்த துண்டைப் பார்த்து நின்றுவிட்டார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்.

"மஹ்ரூப், கொலன்னாவை, நாலு. யார் அந்த நாலு பேர்?"

"ஆக்கள் இல்லை, சேர். பூக்கண்டு. மஹ்ரூப் எங்கட தையல்காரர்."

அவர் நம்பவில்லை. நாகேந்திரத்தை ஜீப்பில் ஏறச் சொன்னார். சரோஜினிதேவி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தச் சட்டியைக் கவிழ்த்தார். படலை திறந்திருக்க, ஒழுங்கையே பார்த்திருக்க, மாடியில் பைறோஸா நிற்க, அலசி, கத்தரித்து, கன்றுகளைப் பிரித்து வரிசையாக வைத்தார்.

"இப்பிடித்தான் சேர் நாலு குடுத்தனான்."

இன்ஸ்பெக்டர் குந்தியிருந்து வேர்களைக் கிளறிப் பார்த்தார். பிறகு நாகேந்திரத்தை உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

"ஒண்டு தாங்க அம்மா, வீட்டில நம்ம நோனாவுக்கு."

பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கை பழக்கத்தில் புதுத் துண்டொன்றை எடுத்தது.

"சேர்ட பேர்?"

"பேர் எதுக்கு?" முகம் மாறிய இன்ஸ்பெக்டர் விறுவிறென்று போய்விட்டார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ" என்று நாகேந்திரம் கூப்பிட்டார். அக்கா படலையால் எட்டி, ஜீப் திரும்பும்வரை பார்த்திருந்து, அதன் இலக்கத்தைத் துண்டில் எழுதி, பக்கத்தில் ஒன்று என்று போட்டு, சட்டியில் குத்தினார்.