நாத்தனார் அழித்த ஒரு வரி

என் நாத்தனார் எங்கள் வீட்டில் மூன்று வருடம் இருந்தாள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. சாப்பாட்டு மேசையில் பாதி அவளுக்கு, பாதி என் காய்கறிக்கு. இப்போது மேசை முழுக்க எனக்குத்தான், பிடிக்கவில்லை.

எதிலும் அவளுக்கு அவசரம். குளிக்கப் போனால் துண்டை மறப்பாள். அப்போது அது அவளுக்கு முதல் வேலை, சேர்ந்து இரண்டு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து நோயாளிகளுக்கு எஸ்எம்எஸ் போக வழி செய்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் நீளமான எழுத்துக்கோவை. அது யாருக்குக் கிடைத்தாலும் மருத்துவமனை பெயரில் செய்தி அனுப்பலாம். தனியாகப் பத்திரப்படுத்த வேண்டியதை, "அப்புறம் மாத்திக்கலாம்" என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தோழிக்குக் காட்டுவதற்காக அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஏற்றியும்விட்டாள்.

பத்து நிமிடத்தில் உறைத்தது. அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றினாள்.

"அப்பாடா, தப்பிச்சேன் அண்ணி" என்று தட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். "ஐயோ, பழசும் அங்கேயே இருக்குமே! எதை மாத்தினாலும் பதிவாகும். போதாக்குறைக்கு 'சாவியை நீக்கிட்டேன்'னு குறிப்பு வேற எழுதியிருக்கேன்."

"திருடனுக்கு நீயே போர்டு மாட்டியிருக்க. இப்ப என்ன பண்ணணும்?"

"அந்தச் சாவியையே செல்லாம ஆக்கணும். மேனேஜராலதான் முடியும். சொன்னா வேலை போயிடும் அண்ணி. திங்கட்கிழமை மெதுவா சொல்லிக்கலாம், அதுவரைக்கும் யாரும் பாக்கலைன்னா..."

"பாத்துட்டா? 'ஆபரேஷன் தேதி மாறிடுச்சு'ன்னு எவனாவது அனுப்பிட்டா? போனை எடுடி."

எடுத்தாள். மேனேஜர் கத்தியது அடுப்படி வரை கேட்டது. கத்திக்கொண்டே சாவியை ரத்து செய்துவிட்டார். புதுச் சாவியைப் பொருத்தும்வரை செய்தி போகாது. மறுநாள் வரவேண்டிய நோயாளிகளுக்கு இவளே போன் செய்ய வேண்டும்.

"பாதியை என்கிட்ட குடு, நான் பேசறேன்" என்றேன்.

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்க பாக்கக் கூடாது அண்ணி. அடுத்தவங்க பேரு, வியாதி எல்லாம் இருக்கு."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஊருக்கே கதவைத் திறந்து போட்டவள்! சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அழுகையோடு. முப்பத்தெட்டு பேரிடமும் அவளேதான் பேசினாள். ஒவ்வொரு போனுக்கும் நடுவில் நான் ஒரு வாய் ஊட்டினேன்.

வேலை போகவில்லை. ஆபீஸில் எல்லோருடைய புரோகிராமையும் தேடி, உள்ளே கிடக்கும் சாவிகளை வெளியே எடுக்கும் பொறுப்பை மேனேஜர் அவள் தலையிலேயே கட்டினார். திங்கள் மாலை ஆபீஸிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"நாலு கிடைச்சுது அண்ணி. ரெண்டு மேனேஜரோடது."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவர் கத்தவே இல்ல."