நோட்டில் எழுதிய டோக்கன் நம்பர்

எங்கள் ஷூ கம்பெனியில், வேலையை விட்டுப் போனவர்களின் டோக்கன் நம்பரைப் புதிதாக வருபவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது 417. நம்பரோடு ஒரு தையல் மிஷினும் ஒரு ஸ்டூலும் வந்தன. முதல் நாள் காலையில் சூப்பர்வைசர் அந்த நம்பரைக் கூப்பிட்டபோது லைனில் நான்கைந்து பேர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். நான் எழுந்து நின்றதும் குனிந்துகொண்டார்கள். அந்த நம்பரில் இருந்தவர் போன மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று பக்கத்து மிஷின் அக்கா பிறகு சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு வருஷம் போனது. எங்கள் சர்ச்சுக்கு வரும் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வேலூருக்குப் போய், சிறையில் இருக்கும் இளம் வயதுக்காரர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அவர்கள் பிரைவேட்டாகப் பத்தாவது பரீட்சை எழுத நோட்டு, கைடு, ஃபீஸ் எல்லாம் தேவைப்பட்டது. ஆளுக்கு ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆராதனை முடிந்ததும் டீச்சர் கேட்டார். படிக்கிறவன் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டாம், உங்கள் பெயர் அவனுக்குத் தெரிய வேண்டாம், புத்தகங்களில் எதுவும் எழுதாதீர்கள் என்றும் சொன்னார். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நானும் பத்தாவதோடு நின்றவள்தான். போனஸ் வந்த வாரம் ஆம்பூர் பஜாரில் நோட்டுகளும் கைடுகளும் வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். ஃபீஸையும் நானே கட்டுவதாகச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் என்னைச் சர்ச் வாசலில் தனியாக நிறுத்தினார்.

"ஏம்மா, நோட்டுல இன்னா எழுதின?"

ஒன்றும் எழுதவில்லை என்றேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திறந்தார். பின் அட்டையின் உள்பக்கம், கீழ் மூலையில், 417 என்று என் கையெழுத்தில் இருந்தது. அடியில் ஒரு கோடு. தைத்து முடித்த தோல்களைக் கட்டுக் கட்டி, மேலே வைக்கும் சீட்டில் அப்படித்தான் எழுதுவோம். தையல் பிரிந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும். நோட்டுகளை அடுக்கிக் கட்டும்போது கை தானாக எழுதியிருக்கிறது. எழுதிய ஞாபகம் துளியும் இல்லை.

"அது அவன் அம்மாவோட நம்பராம்" என்றார் டீச்சர்.

அவனுக்கு இருபத்தொரு வயது. வகுப்பில் மூலையில் உட்கார்ந்திருப்பான், பேனாவைத் தொட மாட்டான். அம்மா இறந்தபோது போலீசோடு போய் முகம் பார்த்துவிட்டு வர அனுமதி கிடைத்தும், ஊர் முன்னால் அப்படி நிற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டான். இந்த நோட்டுக் கட்டைப் பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தானாம். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. என் பையிலும் துணியிலும் எப்போதும் இருப்பது. பிறகு நம்பரைப் பார்த்தான். அன்றிலிருந்து படிக்கிறான். அம்மா அனுப்பியது என்கிறான். அழுகை, ஆவேசம் எதுவும் இல்லை. சாதாரணமாகச் சொல்கிறான்.

பரீட்சை ஃபாரத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தான் எழுதியதற்கு அம்மாவிடமிருந்து பதில் வந்தால்தான் போடுவானாம். கடைசி நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சிறையில் அனுமதி வாங்கிக் கொண்டுவந்த, அவன் எழுதிய தாளை டீச்சர் நீட்டினார். மூன்று வரி இருந்தது.

"அம்மா, அந்த மிஷின் இன்னும் இடப்பக்கம் இழுக்குதா? கட்டை விரல்ல துணி சுத்திக்கினுதான் தைக்கிறியா? நான் வராததுக்குக் கோவமா?"

என் கட்டை விரலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணி இல்லை. வழக்கமாகச் சுற்றும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. அப்படிச் சுற்ற எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஸ்டூலில் உட்காரவே உடம்பு கூசியது. பலகையில் ஒரு பள்ளம் உண்டு, அது நான் உட்கார்ந்து விழுந்தது என்று நினைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும், மிதியில் கால் வைக்கும் முன்பே ஊசி ஒரு முறை இறங்கி ஏறியது. எப்போதும் அப்படித்தானா, அன்றுதான் கவனித்தேனா, தெரியவில்லை. பக்கத்து அக்காவிடம், எனக்கு முன்னால் அந்த நம்பரில் இருந்தவரைப் பற்றி முதல் முறையாகக் கேட்டேன். அக்கா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"குனிஞ்சா நீயும் அவளும் ஒண்ணுதான். அதான் நான் உன் பக்கம் திரும்பறதே கம்மி."

'கோபம் இல்லை' என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், கையெழுத்து வாங்கிவிடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், 'கோபம் இல்லை கண்ணு' என்று இருந்தது. நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பிள்ளைகளும் இல்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வேறு தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான் உன் அம்மா இல்லை தம்பி, அவர் இறந்த பிறகு அவருடைய நம்பரில் வேலைக்கு வந்தவள், நம்பரை எழுதியது என் தவறு. மிஷின் இன்னும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவான் என்றே நினைத்தேன். டீச்சரும் அதையேதான் சொன்னார். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அவன் அதை இரண்டு முறை படித்தானாம். வகுப்பு முடிகிறவரை ஃபாரம் அவன் முன்னால் அப்படியே கிடந்திருக்கிறது. டீச்சர் அதை எடுக்கக் கை நீட்டியபோதுதான் வாயைத் திறந்தான்.

"அவங்க தைக்கும்போது பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்குதான்னு கேளுங்க டீச்சர்."

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கணக்குதான் அவனுக்குக் கஷ்டமாம், மற்றதெல்லாம் தேறிவிடுவான் என்கிறார் டீச்சர். அவன் கேட்டதற்குப் பரீட்சை முடிகிறவரை பதில் எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். இல்லை என்று எழுத எனக்கு வராது.